மொட்டை மாடியில் ஒரு கோபுரம்: காற்று, இடி, எர்த்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அப்புறம்", "வந்து" எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கணக்குகளை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)

என் மேசையில ஒரு பவர் சப்ளை பெட்டி இருக்கு. வேலை செய்யாது. பக்கவாட்டுத் தகட்டுல மிளகு சைஸ்ல ஒரு கருப்புப் புள்ளி, அதைச் சுத்தி பெயிண்ட் உரிஞ்சிருக்கும். தூக்கிப் போட மனசு வரலை. அந்தப் புள்ளி எப்படி வந்ததுன்னு இந்த எபிசோட்ல பாதியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி.

போன மாசம் ஒரு நேயர் எழுதியிருந்தார். ஹாம் லைசென்ஸ் புதுசா வந்திருக்கு, வீட்டு மொட்டை மாடியில ரெண்டு லெந்த் ஜிஐ பைப் நட்டு ஆன்டனா வைக்கப் போறேன், கைப்பிடிச் சுவர்ல ஸ்டே கம்பி கட்டிக்கலாமான்னு. ஹார்ட்வேர் கடைக்குப் போனவங்களுக்குத் தெரியும், பைப் ஒரு லெந்த் 20 அடி. ரெண்டு லெந்த்னா 40 அடி. அவருக்கு "முடியாது"ன்னு ஒரே வார்த்தையில பதில் போட்டேன். கொஞ்சம் கடுமையா இருந்திருக்கும். ஏன் முடியாதுன்னு கணக்கோட சொல்றதுதான் நியாயம், அதனால இந்த எபிசோட்.

முதல்ல, எவ்வளவு உயரம் வேணும்?

எல்லாரும் உயரம் உயரம்னு ஓடறோம். வி.எச்.எஃப்.ல, அதாவது நம்ம 2 மீட்டர் பேண்டுல, ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் போகும். பூமி உருண்டையா இருக்கறதால ஒரு எல்லைக்கு மேல சிக்னல் தலைக்கு மேல போயிடும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கு. ஆன்டனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்கினா கிலோமீட்டர் கணக்குல தூரம் வரும். 9 மீட்டர் உயரத்துக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். அதையே நாலு மடங்காக்கி 36 மீட்டர் ஏத்தினா? 25 கிலோமீட்டருக்குப் பக்கம். செலவும் ஆபத்தும் நாலு மடங்குக்கு மேல ஏறுது, தூரம் ரெண்டு மடங்குதான் ஆகுது. மறுமுனையில இருக்கறவரோட ஆன்டனா உயரத்துக்கும் இதே மாதிரி ஒரு தூரம் கூடும். அதனால அவர் மலை மேல இருந்தா உங்க கோபுரமே தேவைப்படாது.

எச்.எஃப்.ல கதை வேற. அங்க உயரத்தை அலைநீளத்தால அளக்கணும். 20 மீட்டர் பேண்டுல அரை அலைநீளம், அதாவது 10 மீட்டர் உயரம் கிடைச்சாலே கிடைமட்ட டைபோல் தாழ்ந்த கோணத்துல தூரதேசத்துக்கு வீச ஆரம்பிச்சிடும். ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடியில மூணு மீட்டர் கம்பு வச்சாலே அந்த உயரம் வந்துடுது. முப்பதடி, நாப்பதடி கோபுரம் உண்மையிலேயே தேவையான்னு முதல்ல உங்களையே கேட்டுக்கங்க.

இன்னொண்ணு கேபிள். ஆர்.ஜி. 58 மாதிரி மெலிசான கேபிள்ல 145 மெகாஹெர்ட்ஸ்ல 30 மீட்டர் ஓட்டினா, நீங்க அனுப்பற பவர்ல ஏறக்குறைய முக்கால் பங்கு கேபிளைச் சூடாக்கவே போயிடும். பத்தடி உயரம் கூட்டறதுக்குப் பதிலா அந்தக் காசுல நல்ல கேபிள் வாங்கறது பல சமயம் லாபம். இதை யாரும் பெருமையா போட்டோ எடுத்துப் போட மாட்டாங்க, அதான் பிரச்சினை.

அனுமதி விஷயத்தை ரெண்டு வரியில முடிச்சிடறேன். லைசென்ஸ்ல ஸ்டேஷன் இருக்கற முகவரி உண்டு, கோபுரம் அங்கதான் நிக்கணும். விமான நிலையத்துக்குப் பக்கத்துல வீடுன்னா, ஏர்போர்ட் அத்தாரிட்டியோட உயரக் கட்டுப்பாட்டைப் பாத்துட்டுதான் பைப்பே வாங்கணும்.

காற்று தள்ளும் கணக்கு

கட்டடங்கள் மேல காற்றோட பளுவைக் கணக்குப் போட ஐ.எஸ். 875-ன்னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு. அதோட மூணாம் பாகத்துல ஊர்வாரியா அடிப்படைக் காற்று வேகம் கொடுத்திருப்பாங்க. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர். திருச்சிக்கு 47. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39. விநாடிக்கு 50 மீட்டர்ன்னா மணிக்கு 180 கிலோமீட்டர்.

50-க்கும் 39-க்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணும். ஆனா காற்றோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன்னு வரும். மதுரையில 900 சொச்சம், சென்னையில 1,500. அதாவது ஒரே ஆன்டனாவை மதுரையில இருந்து சென்னைக்கு மாத்தினா, ஒன்றரை மடங்குக்கு மேல தாங்கணும். மதுரை நண்பர் பத்து வருஷமா வச்சிருக்காரே, எனக்கு மட்டும் ஏன் விழுந்ததுன்னு கேட்டா இதுதான் பதில்.

இப்ப நம்ம நேயரோட 40 அடி பைப்புக்கு வருவோம். உச்சியில அரை சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு யாகி ஆன்டனான்னு வச்சுக்குவோம். சென்னைக் காற்றுக்கு அது 750 நியூட்டன், நம்ம பாஷையில 76 கிலோ. ஒருத்தர் 40 அடி உயரத்துல பைப்பைப் பிடிச்சுப் பக்கவாட்டுல தொங்கற மாதிரி. ஸ்டே கம்பியே இல்லாம, அடியில மட்டும் பிடிச்சிருக்கற ரெண்டு இன்ச் பி கிளாஸ் பைப்புல, அந்த நீலக் கோடு போட்டது, அடிப்பகுதியில எவ்வளவு தகைவு வரும்னு போட்டுப் பாத்தேன். சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரம் நியூட்டனைத் தாண்டுது. சாதாரண பைப் இரும்பு 250-க்குப் பக்கத்துலயே நிரந்தரமா வளைஞ்சிடும். நாலு மடங்கு அதிகம். இதுல பைப் மேலேயே படற காற்றைச் சேர்க்கவே இல்லை. ரெண்டு லெந்தையும் இணைக்கற சாக்கெட்ல மரை வெட்டி பைப்போட கனம் குறைஞ்சிருக்கும். உடையறது முதல்ல அங்கதான்.

சரி, ஸ்டே கம்பி கட்டினா? 120 டிகிரி இடைவெளியில மூணு கம்பி, ஒவ்வொரு மட்டத்துக்கும். நங்கூரம் மாஸ்ட் அடியில இருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும்ங்கறதுதான் கேள்வி. உயரத்துல 60-ல இருந்து 80 சதவீதம் வரைக்கும்னு சொல்வாங்க. 12 மீட்டர் உயரத்துக்கு எட்டரை மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டா, அந்த 750 நியூட்டனுக்கு காற்றுப் பக்கத்துக் கம்பியில வர்ற இழுவை 1,300 நியூட்டன், 130 கிலோ. சமாளிக்கலாம்.

அதையே மொட்டை மாடியில இடமில்லைன்னு ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கற கைப்பிடிச் சுவர்ல கட்டினா? அதே காற்று, அதே ஆன்டனா. இழுவை 4,500 நியூட்டனைத் தாண்டிடும். 460 கிலோ, அதுவும் கிட்டத்தட்ட நேர் மேல்நோக்கி. நாலரை இன்ச் செங்கல் சுவரை 460 கிலோ மேல தூக்கினா என்ன ஆகும்? செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவுல இழுவையைத் தாங்கற சக்தி ரொம்பக் குறைவு. சுவர் மொத்தமா பேர்ந்து கீழ தெருவுல விழும். மாஸ்ட் விழறதை விட அது மோசம். நேயருக்கு நான் "முடியாது"ன்னு எழுதினது இதனாலதான்.

மொட்டை மாடியில கட்டித்தான் ஆகணும்னா, கம்பியை தூணோ பீமோ இருக்கற இடத்துல, கான்கிரீட்டுக்குள்ள போட்ட ஆங்கர் போல்ட்ல கட்டுங்க. நம்ம ஊர்ல "அடுத்த மாடி எடுக்கறப்ப உதவும்"னு தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பாங்க இல்லையா, அதுல கட்டறவங்களை நிறையப் பாத்திருக்கேன். அது பத்து மழை பாத்த துரு. மேல கெட்டியா தெரியும், கான்கிரீட்டுக்குள்ள நுழையற இடத்துல பென்சில் மாதிரி மெலிஞ்சிருக்கும். அதுக்கு மேல, மாஸ்ட் உயரத்தைக் குறைங்க. பதினஞ்சு அடிக்கு இந்தக் கணக்கு எல்லாமே கைக்குள்ள வந்துடும்.

கம்பி கட்டறதுல ஒரு சின்ன விஷயம். புல்டாக் கிளாம்ப்ல ரெண்டு பாகம் இருக்கும், யு வடிவ போல்ட், பள்ளம் வெட்டின கட்டை. கட்டைப் பாகம் இழுவை வாங்கற நீளக் கம்பி மேல உக்காரணும். யு போல்ட் மடிச்சு விட்ட வால் துண்டு மேல. மாத்திப் போட்டா யு போல்ட் இழுவைக் கம்பியை நசுக்கி, அது அந்த இடத்துலயே அறும். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். டர்ன்பக்கிளை முறுக்கி முடிச்சதும் அதுக்குள்ள ஒரு துண்டுக் கம்பியை விட்டுக் கட்டிடுங்க. காற்றுல அதிர்ந்து அதிர்ந்து தானாவே கழண்டுக்கும். கம்பியை வீணை மாதிரி இறுக்கக் கூடாது. அறுந்து போற எடையில பத்துல ஒரு பங்கு முன் இழுவை போதும்.

இன்னொண்ணு, இரும்புக் கம்பிக்கு பதிலா நீலக் கயிறு. கடையில மலிவா கிடைக்கற பிளாஸ்டிக் கயிறு நம்ம வெயில்ல ஒரு வருஷத்துல பொடியாகும். கயிறுதான் வேணும்னா பாலியஸ்டர் கயிறு கேட்டு வாங்குங்க. இரும்புக் கம்பி எச்.எஃப். ஆன்டனாவோட அலைநீளத்துக்கு ஒத்துப் போய் சிக்னலைக் கெடுக்கும்னா, நடுநடுவுல முட்டை இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்கலாம். ஈ.பி. கம்பத்து ஸ்டே கம்பியில பழுப்பு நிறத்துல ஒண்ணு தொங்குமே, அதேதான். அதோட அழகு என்னன்னா, உள்ள கம்பி ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்த மாதிரி போகும். பீங்கான் உடைஞ்சாலும் கம்பி பிரியாது.

ஈ.பி. லைன்

இந்தப் பகுதியை எடிட் பண்றப்ப சுருக்க நினைச்சேன், வேணாம்னு விட்டுட்டேன். ஆன்டனா வேலையில உயிர் போறதுக்கு பெரிய காரணம் இடியும் இல்லை, விழறதும் மட்டும் இல்லை. தூக்கி நிறுத்தறப்ப மாஸ்ட் சாய்ஞ்சு மின்கம்பியில படறது.

நம்ம தெருக்கள்ல மின்கம்பி பெரும்பாலும் மூடாத கம்பி. பல இடத்துல மேல 11,000 வோல்ட், கீழ வீட்டு லைன், ஒரே கம்பத்துல. 40 அடி மாஸ்ட் சாய்ஞ்சா 40 அடி ஆரத்துல எங்க வேணா விழும். அதனால விதி எளிமையானது. மாஸ்ட், அதுக்கு மேல ஆன்டனா, ரெண்டோட மொத்த நீளத்தோட பத்தடி கூட்டுங்க. அந்த வட்டத்துக்குள்ள எந்த மின்கம்பி இருந்தாலும் அந்த இடம் கிடையாது. "நாலு பேர் பிடிச்சுக்கறோம், சாயாது"ங்கற பேச்சே வேணாம். நாலு பேரும் இரும்பைப் பிடிச்சுட்டு நிப்பீங்க. மூங்கில்னா பரவாயில்லையான்னு கேப்பாங்க. பச்சை மூங்கிலும் நனைஞ்ச மூங்கிலும் மின்சாரம் கடத்தும்.

கோடு எழுதறப்ப தப்பு பண்ணா ரோல்பேக் பண்ணிடலாம். இங்க முடியாது.

அந்தக் கருப்புப் புள்ளி

இப்ப என் கதை. எங்க வீடு மயிலாடுதுறை பக்கம். நான் சென்னையில வேலை, மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவேன். கொல்லைப்புறத்துல 30 அடி மாஸ்ட் ஒண்ணு நட்டு, அதுக்குப் பக்கத்துலயே ரேடியோவுக்குன்னு தனியா ஒரு எர்த் ராடு அடிச்சேன். வீட்டு எர்த் முன்பக்கம் மீட்டர் பாக்ஸ் கிட்ட இருக்கு. அதுல மோட்டார் சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாம் வரும், ரேடியோவுக்கு "சுத்தமான" தனி எர்த் வேணும்னு எங்கயோ படிச்சிருந்தேன். பெருமையா வேற இருந்தது.

ஐப்பசி மாசம், சாயங்காலம் இடி மின்னல். நானும் பொறுப்பா கேபிளை ரேடியோவில இருந்து கழட்டிட்டேன். கழட்டி, மேசை மேலயே வச்சேன். பவர் சப்ளையோட சுவிட்சை அணைச்சேன். பிளக்கைப் பிடுங்கலை. கனெக்டர் அந்தப் பெட்டி மேல ஒட்டினாப்ல கிடந்தது.

மின்னல் என் மாஸ்ட்ல விழலை. பக்கத்துக் கொல்லைத் தென்னை மரத்துல விழுந்தது. ரூம்ல பட்டாசு மாதிரி ஒரு சத்தம், நீலமா ஒரு வெளிச்சம். பவர் சப்ளை போச்சு. இன்டர்நெட் ரூட்டர் போச்சு. ஃப்ரிட்ஜோட போர்டு போச்சு. அம்மா அப்ப ஃப்ரிட்ஜைத் திறக்கக் கை நீட்டிட்டு இருந்தாங்க. தொடலை. ஒரு நொடி முன்னாடியா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் நான் யோசிக்காம இருக்க முயற்சி பண்றேன். அம்மா அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "அந்தக் கம்பி அவசியமாடா?"

மறுநாள் பக்கத்து ஊர்ல இருக்கற ஒரு மூத்த ஹாம் வந்தார், ரிட்டயர்டு ஆசிரியர். மாஸ்ட்டை நிமிர்ந்துகூடப் பாக்கலை. "தம்பி, வீட்ல எத்தனை எர்த்?"னு கேட்டார்.

"ரெண்டு சார். ரேடியோவுக்கு தனியா."

"ரெண்டையும் இணைச்சியா?"

"இல்ல சார், அது தனியா இருக்கணும்னு..."

"அப்ப இணைப்பு உன் மேசை மேல இருந்திருக்கு"ன்னார்.

என்ன நடந்ததுன்னு கணக்கா சொல்றேன். மின்னல்ல வர்ற மின்னோட்டம் சாதாரணமா 30,000 ஆம்பியர் அளவுல இருக்கும். அது மண்ணுக்குள்ள இறங்கறப்ப மண்ணே வோல்டேஜ் ஏறும். மரத்துக்குக் கிட்ட அதிகமா, தள்ளிப் போகப் போக குறைவா. எங்க டெல்டா மண்ணுக்கு மின்தடை குறைவு, 50 ஓம் மீட்டர்னு வச்சுக்குவோம். மரத்துல இருந்து 15 மீட்டர்ல இருந்த என் ரேடியோ எர்த் ஏறக்குறைய 16,000 வோல்ட் ஏறியிருக்கும். 30 மீட்டர்ல இருந்த வீட்டு எர்த் 8,000. ரெண்டு எர்த்துக்கும் நடுவுல 8,000 வோல்ட் வித்தியாசம். ஒண்ணு கேபிளோட வெளி வலை வழியா மேசைக்கு வந்து நிக்குது. இன்னொண்ணு பிளக்கோட எர்த் பின் வழியா பவர் சப்ளை தகட்டுக்கு வந்து நிக்குது. நம்ம சுவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், எர்த் பின் எப்பவும் இணைப்புலயேதான் இருக்கும். காற்று ஒரு மில்லிமீட்டருக்கு 3,000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். ரெண்டும் ஒட்டிக் கிடந்தா தீப்பொறி தாண்டத்தானே செய்யும்? அந்தக் கருப்புப் புள்ளி அதுதான். அதுக்கப்புறம் அந்த மின்னோட்டம் வீட்டோட எர்த் கம்பிகள்ல பாய்ஞ்சு, ரூட்டர், ஃப்ரிட்ஜ்னு வழியில இருந்ததை எல்லாம் தொட்டுட்டுப் போச்சு.

எர்த் பத்தி நாம மனசுல வச்சிருக்கற படமே தப்பு. எர்த்னா பூஜ்யம் வோல்ட், மின்னலைக் குடிச்சிடும் ஒரு பள்ளம்னு நினைக்கறோம். நிஜத்துல பத்து ஓம் எர்த் ரொம்ப நல்ல எர்த். அதுல 30,000 ஆம்பியர் இறங்கினா, ஓம் விதிப்படி மூணு லட்சம் வோல்ட். பூஜ்யம் எங்கயும் இல்லை. கம்பியிலேயும் அப்படித்தான். மின்னல் சில மைக்ரோ விநாடியில ஏறிடறதால கம்பியோட தூண்டல் பெரிசா வேலை செய்யும். நீளம் ஒரு மீட்டருக்கு சில ஆயிரம் வோல்ட் நிக்கும். பச்சை வயரை சுருட்டி சுருட்டி வளைச்சு கொண்டு போனா, அது எர்த்தா இருக்காது.

அப்ப நாம செய்யக் கூடியது என்ன? எல்லாம் சேர்ந்து ஏறணும், சேர்ந்து இறங்கணும். ஈ.பி. கம்பி மேல காக்கா உக்காந்திருக்கு. ரெண்டு காலும் ஒரே வோல்டேஜ்ல இருக்கறதால ஒண்ணும் ஆகறதில்லை. நம்ம வீட்டையும் அந்தக் காக்கா மாதிரி ஆக்கணும். வோல்டேஜ் வர்றதைத் தடுக்க முடியாது, வித்தியாசம் வராமப் பாத்துக்கலாம்.

சார் சொல்லி நான் செஞ்சது இது. ரேடியோ எர்த்தையும் வீட்டு எர்த்தையும் மண்ணுக்குள்ள ஜிஐ பட்டை போட்டு இணைச்சேன். வட்டக் கம்பியை விட பட்டைக்கு தூண்டல் குறைவு. வழியில இன்னும் ரெண்டு ராடு, ஒவ்வொண்ணும் பத்தடி நீளம், ஒண்ணுக்கொண்ணு இருபது அடி இடைவெளி. பக்கத்துல பக்கத்துல அடிச்சா ரெண்டும் ஒரே மண்ணையே பங்கு போட்டுக்கும், பிரயோஜனம் குறையும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்தை கொல்லைப்புற ஜன்னல்ல இருந்து மீட்டர் பாக்ஸ் பக்கம் மாத்தினேன். அங்க வெளிச்சுவர்ல ஒரு உலோகத் தகடு, அதுல அரெஸ்டர், தகடு நேரா எர்த் பட்டைக்கு. எல்லா கேபிளும் அந்த ஒரே வாசல் வழியாதான் உள்ள வரும். மாஸ்ட்டோட உச்சியிலயும் அடியிலயும் கேபிளோட வெளி வலையை மாஸ்ட்டோட இணைச்சாச்சு. இடி வர்ற மாதிரி இருந்தா கேபிளைக் கழட்டி மேசை மேல வைக்கறதில்லை, ஜன்னலுக்கு வெளிய, அந்தத் தகடு கிட்டயே தொங்க விடறேன். பிளக்கையும் பிடுங்கிடறேன். இடி ஏற்கெனவே உறும ஆரம்பிச்சிருந்தா கேபிள் பக்கமே போறதில்லை.

நேரா மாஸ்ட்ல விழுந்தா இது எல்லாம் ரேடியோவைக் காப்பாத்துமா? உறுதி சொல்ல மாட்டேன். ஆள் சாகாம, வீடு எரியாம இருக்கறதுக்குத்தான் இந்த வேலை. ரேடியோ தப்பிச்சா அது போனஸ்.

எர்த் குழியில உப்பும் அடுப்புக்கரியும் போடற பழக்கம் நம்ம எலக்ட்ரீஷியன்கள்கிட்ட இன்னும் இருக்கு. அந்த நேரத்துக்கு மின்தடை குறையும், உண்மைதான். ஆனா உப்பு பைப்பை அரிக்கும், மழையில கரைஞ்சு போகும். பென்டோனைட் களிமண் அந்த வேலையை அரிக்காம செய்யும். கிருஷ்ணகிரி, ஓசூர் மாதிரி பாறை நிலத்துல இருக்கறவங்களுக்கு ஒரு ராடு போதவே போதாது. 100 ஓம் மீட்டர் மண்ணுல 3 மீட்டர் ராடு ஒண்ணு அடிச்சாலே 33 ஓம் கிட்ட வரும். பாறையில அதைப் போல பல மடங்கு. அங்க ஆழமா போறதை விட, பட்டையை நாலா பக்கமும் மண்ணுக்குள்ள பரப்பி விடறது நல்லது.

வருஷா வருஷம்

கட்டினதோட மறந்துடறதுதான் பெரும்பாலான கோபுரங்கள் விழறதுக்குக் காரணம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, புரட்டாசியில ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. நட்டு போல்ட், கம்பியோட இழுவை, டர்ன்பக்கிள், துரு. கடலோர ஊர்ல துரு வெளிய தெரியறதுக்கு முன்னாடி கம்பியோட பிரிகளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கும். கம்பியைக் கொஞ்சம் வளைச்சுப் பாருங்க, செம்பொடி கொட்டினா மாத்துங்க. கால்வனைஸ் பண்ண மாஸ்ட் கால்ல செம்புக் கம்பியை நேரா முறுக்காதீங்க, ஈரத்துல துத்தநாகப் பூச்சை அது தின்னுடும். நடுவுல ஸ்டெயின்லெஸ் தகடு வைங்க. மேல காக்கா கூடு இருந்தா அதையும் பாருங்க. கட்டுக்கம்பி, ஹேங்கர் எல்லாம் கொண்டு வந்து ஆன்டனாவை ஷார்ட் பண்ணி வச்சிருக்கும்.

எர்த் மின்தடையை மட்டும் மழைக்காலத்துல அளக்காதீங்க. ஈர மண்ணுல எல்லா எர்த்தும் நல்ல எர்த்தா தெரியும். சித்திரை, வைகாசி வெயில்ல அளந்து எழுதி வைங்க.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. கேபிளுக்குள்ள தண்ணி இறங்கினா எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுப் போகும்னு நினைப்போம். பல சமயம் நல்லாகும்! முக்கால் பங்கு பவரைத் தின்னற கேபிள்ல, மேல ஆன்டனாவே இல்லாம அறுந்து தொங்கினாலும், திரும்பி வர்ற அலையும் வழியிலயே தேய்ஞ்சு, கீழ மீட்டர் 1.7-ன்னு காட்டும். ஓகேன்னு நினைச்சுட்டு பேசிட்டு இருப்போம், யாருக்கும் கேக்காது. அதனால எண் கூடினாலும் சந்தேகப்படுங்க, காரணமில்லாம குறைஞ்சாலும் சந்தேகப்படுங்க. முதல் நாள் அளந்த அளவு கையில இருந்தாதான் அது தெரியும். லாக் இல்லாம டீபக் பண்ண முடியாதுன்னு ஆபீஸ்ல தினமும் சொல்றோம், மாடிக்கு வந்தா மறந்துடறோம்.

மேல ஏறறது. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, உடம்பு முழுக்க மாட்டற ஹார்னஸ் வேணும். ரெண்டு கொக்கிக் கயிறு, ஒண்ணைக் கழட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியிருக்கணும், ஏறத் தொடங்கின நொடியில இருந்து இறங்கற வரைக்கும். கீழ ஒரு ஆளாவது ஹெல்மெட் போட்டு நிக்கணும், மாஸ்ட்டுக்கு நேர் கீழ இல்லாம. மெலிசான பைப் மாஸ்ட்ல ஏறவே கூடாது, அதை சாய்ச்சுத்தான் வேலை பாக்கணும். புதுசா வைக்கறவங்க அடியில கீல் போட்டு மடக்கற மாதிரியே வச்சுக்கங்க. நான் இப்ப அப்படித்தான் மாத்தியிருக்கேன். புயல் எச்சரிக்கை வந்தா அரை மணி நேரத்துல ரெண்டு பேர் சேர்ந்து படுக்க வச்சிடலாம்.

புயல் நேரத்துலதானே ஹாம் ரேடியோ வேணும், அப்ப படுக்க வச்சா எப்படின்னு கேப்பீங்க. 2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்ப பாரதி பிரசாத்தோட குழு போர்ட் பிளேர்ல ஹாம் ஸ்டேஷன் போட்டு இருந்தாங்க. தொலைபேசி எல்லாம் விழுந்த நேரத்துல அந்தமானுக்கும் வெளியுலகத்துக்கும் செய்தி கொண்டு போனது அவங்க ரேடியோதான். அவங்க நிரந்தரக் கோபுரம் வச்சிருந்தவங்க இல்லை, சில வாரத்துக்குன்னு போனவங்க. காற்று வீசி முடிஞ்சதும் தேவைப்படறது உயிரோட இருக்கற ஒரு ஆபரேட்டர், ஒரு பேட்டரி, பத்து மீட்டர் வயர், நிமிர்த்தி வைக்க ஒரு கம்பு. கஜா புயல் மாதிரி ஒண்ணுக்கு நடுவுல நிக்கற கோபுரத்தை நான் வீட்டு மாடியில கட்ட மாட்டேன். கஜா முடிஞ்ச மறுநாள் காலையில நிமிர்த்தறதுக்கு ஒண்ணு வச்சிருப்பேன்.

அம்மாவோட கேள்விக்கு நான் அன்னிக்கு பதில் சொல்லலை. பட்டை புதைக்க கொல்லையில குழி வெட்டினப்ப அவங்களே வந்து நின்னு பாத்தாங்க. இது எதுக்கு, அது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. கடைசியா, "இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்ல?"ன்னு சொல்லிட்டு டீ போட உள்ள போயிட்டாங்க.

நேயருக்கு ஒரு வார்த்தை. பதினஞ்சு அடி பைப், தூண் மேல ஆங்கர் போல்ட், நல்ல கேபிள், வீட்டு எர்த்தோட இணைச்ச ஒரு பட்டை. இதை முடிச்சுட்டு போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன். அடுத்த எபிசோட்ல பேட்டரி பேக்கப். 73, வணக்கம்.